டெலஸ்கோப்பா, காவலூரா, ஸ்ரீஹரிகோட்டாவா? விண்வெளி ஆசை உள்ள பிள்ளைக்கு 10,000 ரூபாயை எதில் செலவழிப்பது

"பிள்ளை எந்நேரமும் ராக்கெட், கருந்துளை என்றே பேசுகிறது. ஒரு டெலஸ்கோப் வாங்கித் தரலாமா?" வானநோக்கு நிகழ்ச்சிக்குக் குழந்தைகளைக் கூட்டி வரும் பெற்றோர் கிளம்பும் நேரத்தில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். கையில் 10,000 ரூபாய்போல ஒதுக்கி வைத்திருப்பார்கள். என் பதில் "இப்போதைக்கு வேண்டாம்". அதோடு விட்டால் நன்றாக இருக்காது, வேறு எதில் போடுவது என்றும் சொல்ல வேண்டும்.

விண்வெளி ஆசை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் மூன்று வேறு வேறு ஆசைகள் இருக்கின்றன. "அங்கே சிவப்பா மின்னுதே, அது என்ன?" என்று கேட்கிற பிள்ளைக்கு வானம் பிடித்திருக்கிறது. "கிரையோஜெனிக் என்ஜின் எப்படி வேலை செய்யும்?" என்று குடைகிற பிள்ளைக்கு இயந்திரம் பிடித்திருக்கிறது. "ஒளியே வெளியில் வர முடியாதுன்னா அது எவ்வளவு கனமா இருக்கணும்?" என்று கேட்பது கணக்குப் பிள்ளை. ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டாலே எந்த ரகம் என்று தெரிந்துவிடும். ராக்கெட் பிடித்த பிள்ளைக்கு டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து "இதுக்கு எதிலும் ஆர்வம் நிலைக்காது" என்று திட்டுகிற வீடுகள் நிறைய. பொருத்தம் பார்க்காதது பிள்ளையின் குற்றமா?

வானம் பிடித்த பிள்ளையிலிருந்து தொடங்குவோம். 10,000 ரூபாய்க்குள் கிடைக்கும் டெலஸ்கோப்புகள் பெரும்பாலும் 50 அல்லது 60 மில்லிமீட்டர் லென்ஸும், தொட்டால் ஆடும் அலுமினியக் கால்களும் கொண்டவை. பெட்டியில் 500 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உருப்படியாக எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: முகப்பு விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 60 மில்லிமீட்டருக்கு 120 மடங்கு, அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும்.

மங்கலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் கால்கள்தான் பெரிய தொல்லை. அப்பா கஷ்டப்பட்டு வியாழனைக் குழாய்க்குள் கொண்டு வந்து, "சீக்கிரம் வா, பாரு" என்று கூப்பிடுவார். பிள்ளை குனிந்து கண்ணை வைக்கும்போது மூக்கு பட்டுவிடும். வியாழன் போய்விடும். மூக்கு படாவிட்டாலும், பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் 100 மடங்கில் பார்க்கும் கோள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே பார்வையை விட்டு நகர்ந்துவிடும். மறுபடி தேட வேண்டும். மூன்றாவது நாள் டெலஸ்கோப் பரணுக்குப் போகும்.

அதே பணத்தில் பாதிக்கு ஒரு நல்ல 10x50 பைனாகுலர் வாங்கலாம். 10 என்பது பெரிதாக்கும் மடங்கு, 50 என்பது லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வியாழனைப் பார்த்தால், அதன் இரு பக்கமும் ஒரே கோட்டில் ஊசி முனை அளவுக்குப் புள்ளிகள் தெரியும். ஒரு நாள் மூன்று, ஒரு நாள் நான்கு, சில நாள் எல்லாமே ஒரே பக்கம். 1610-இல் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலவுகள்தான். அவரிடம் இருந்த குழாயே ஏறக்குறைய 20 மடங்குதான். தினமும் ஒரு நோட்டில் புள்ளி வைத்துக் குறித்து வரும் பிள்ளை, எது எதைச் சுற்றுகிறது என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே கண்டுபிடித்துவிடும்.

வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம் பைனாகுலரில் பல பத்து நட்சத்திரமாக விரியும். திருவாதிரைக்குத் தெற்கே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும் அல்லவா, அதற்குக் கீழே புகைபோல ஒரு திட்டு தெரியும். அது நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம். இன்னொன்றும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட வழிகாட்டிகள் துருவ நட்சத்திரத்திலிருந்து தொடங்கும். நமக்கு அது வடக்கு அடிவானத்தை ஒட்டி மங்கலாகக் கிடக்கும். பதிலுக்கு, அவர்களில் பெரும்பாலோர் ஊரில் எட்டியே பார்க்காத தெற்கு வானம் நமக்குத் திறந்திருக்கிறது. அகத்திய நட்சத்திரமும், ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே நிற்கும் தென்சிலுவையும், அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒமேகா சென்டாரி என்ற பிரம்மாண்டமான நட்சத்திரக் கொத்தும் நம் மாடியிலிருந்தே கிடைக்கும். பைனாகுலரில் ஒமேகா சென்டாரி ஒரு மங்கலான பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும்.

பைனாகுலருக்கு ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சனியின் வளையம் 10 மடங்கில் பிரிந்து தெரியாது. ஆனால் அதற்கும் அவசரமில்லை. 2025 மார்ச்சில் வளையங்கள் நமக்கு விளிம்பைக் காட்டி, ஏறக்குறைய மறைந்தே போயின. அதற்குப் பிறகு வருடத்துக்கு வருடம் அகலமாகச் சாய்ந்துகொண்டே போய், 2030களின் தொடக்கத்தில் நன்றாக விரிந்து நிற்கும். ஆக, டெலஸ்கோப் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறவருக்கு சனி இன்னும் நன்றாகத்தான் தெரியப் போகிறது. ஒரு வருடம் பைனாகுலரை விடாமல் எடுத்துப் பார்த்த பிள்ளைக்கு, அப்புறம் 6 அங்குலக் கண்ணாடி வைத்த டாப்சோனியன் வகை டெலஸ்கோப் வாங்கலாம். அது 25,000 ரூபாயைத் தாண்டும். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கினாலும் தப்பில்லை.

வழிகாட்டிக்குத் தனியாகக் காசு தேவையில்லை. ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளைக் கணினியில் இலவசமாக இறக்கிக்கொண்டு, உங்கள் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் வானத்தை அப்படியே காட்டும். சர்வதேச விண்வெளி நிலையம் எப்போது உங்கள் மாடிக்கு மேலே போகும் என்று ஹெவன்ஸ்-அபவ் தளம் நிமிடக் கணக்கில் சொல்லும். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஆட்கள் இருக்கும் ஒரு வெளிச்சப் புள்ளி ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடப்பதைப் பார்க்க டிக்கெட்டா வேண்டும்?

அடுத்தது எங்கே கூட்டிப் போவது. கோளரங்கம், கொடைக்கானல், காவலூர் என்ற மூன்றில் நான் கண்ணை மூடிக்கொண்டு காவலூரைச் சொல்வேன்.

சென்னை கோட்டூர்புரத்தில் 1988-இல் திறந்த பிர்லா கோளரங்கமும், திருச்சி அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கமும் சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல ஆரம்பம். தமிழிலேயே காட்சி உண்டு, மழை பெய்தாலும் நடக்கும். பத்து வயதுக்கு மேல் ஆசை முற்றிய பிள்ளைக்கு ஒரு தடவை போதும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேல் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கும் இடம் உலகத்திலேயே மிகச் சில. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது இங்கேதான். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். ஆனால் இதற்காக மட்டும் மலை ஏறச் சொல்ல மாட்டேன். கொடைக்கானல் போகும்போது ஏரியில் படகு விடுவதைக் குறைத்துக்கொண்டு இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

காவலூர் அப்படியல்ல. திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேல், ஆலங்காயத்தைத் தாண்டி, காட்டுக்குள் இருக்கிறது வைணு பாப்பு வானோக்ககம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனதைக் கவனித்த இடங்களில் இதுவும் ஒன்று. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்பது தெரிய வந்ததே அந்த நிகழ்வில்தான். 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியின் கூண்டுக்குள் நின்று அண்ணாந்து பார்க்கும்போது பிள்ளை பேசாமல் நிற்கும், கவனித்துப் பாருங்கள்.

பொதுமக்களுக்கான நாள் சனிக்கிழமை. எல்லோரும் ஏமாறுகிற இடத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரிய தொலைநோக்கியில் உங்களைக் கண் வைக்க விட மாட்டார்கள், அது ஆராய்ச்சிக்கானது. பார்வையாளருக்குச் சின்ன தொலைநோக்கிதான். ஆனால் சுற்றிலும் இருட்டு. நகரத்தில் இருபது நட்சத்திரம் எண்ணிய பிள்ளைக்கு அந்த வானமே போதும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் போனால் மேகத்தைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். பொங்கலுக்குப் பிறகு, சித்திரை வரைக்கும் உள்ள மாதங்களில், அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பாருங்கள். பௌர்ணமி பக்கம் போனால் நிலாதான் மிஞ்சும். கிளம்புமுன் வானோக்ககத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தளத்தில் அந்த வாரம் அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் பஸ்ஸை நம்ப முடியாது, வண்டி வேண்டும். பட்ஜெட்டில் மீதிப் பாதி இதற்குப் போய்விடும். போகட்டும், இது வீண் செலவில்லை.

ராக்கெட் பிள்ளைக்குக் காவலூர் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அதற்கு ஸ்ரீஹரிகோட்டாதான். சதீஷ் தவான் விண்வெளி மையத்தில் பொதுமக்கள் ஏவுதலைப் பார்க்கும் மாடம் 2019-இல் திறந்தது, ஏறக்குறைய 5,000 பேர் உட்காரலாம். ஏவுதல் தேதி அறிவித்த பிறகு இணையத்தில் பதிவு திறப்பார்கள். இலவசம், ஆனால் சீக்கிரம் நிரம்பிவிடும், அடையாள அட்டை கட்டாயம். சென்னையிலிருந்து சூளூர்ப்பேட்டைக்குப் புறநகர் ரயிலே இருக்கிறது, அங்கிருந்து ஏரியைக் குறுக்கே கடந்து தீவுக்குப் போக வேண்டும்.

அங்கே கிடைப்பது டிவியில் கிடைக்காது. முதலில் கண் கூசும் ஆரஞ்சு வெளிச்சம் மட்டும், சத்தமே இல்லாமல் மேலே எழும். கூட்டம் கத்தி முடிக்கிற நேரத்தில்தான் ஒலி வந்து சேரும், ஒரு கிலோமீட்டருக்கு மூன்று விநாடி என்ற கணக்கில். காதில் கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் அதிரும். "ஏன் லேட்டா கேக்குது?" என்று பிள்ளை கேட்டால், செலவு செய்த பணம் அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

சிக்கல் என்ன என்றால், ஏவுதல் தள்ளிப்போகும். கடைசி நிமிடத்தில்கூட நிறுத்துவார்கள். மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ ரயில் பிடித்து வருகிறவர்களுக்கு இது பெரிய சூதாட்டம். அதனால் தென் மாவட்டக்காரர்களுக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வந்தே தீருவோம் என்றால் டிசம்பர், ஜனவரி மாத ஏவுதலைத் தேர்ந்தெடுங்கள். ராக்கெட் ஏமாற்றினாலும் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் நிற்கும், பக்கத்தில் நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் இருக்கும். சென்னைக்காரர்களுக்கு இன்னும் சுலபம். இரவு நேர பிஎஸ்எல்வி ஏவுதலாக இருந்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் வடக்கு பார்த்த மொட்டைமாடியே போதும். சத்தம் வராது, வெளிச்சம் ஏறுவது தெரியும்.

தென் மாவட்டங்களுக்கு நல்ல சேதி தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே, ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அடுத்தபடியாக இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு (பூமியின் இரு துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதை) தெற்கு நோக்கிப் போகும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது என்பதற்காக நடுவில் வளைந்து திரும்ப வேண்டியிருக்கிறது. அதில் எரிபொருள் வீணாகிறது. சின்ன ராக்கெட்டுக்கு அந்த இழப்பு தாங்காது. குலசையிலிருந்து நேரே தெற்கே கடல்தான். எஸ்எஸ்எல்வி வகைச் சிறிய ராக்கெட்டுகளுக்காகக் கட்டுகிறார்கள். இதைப் பிள்ளைக்கு ஒரு உலகப் படத்தை விரித்து, நூல் பிடித்துக் காட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

கணக்குப் பிள்ளைக்கும், படிப்பாகவே இதை எடுக்க நினைக்கும் பிள்ளைக்கும் இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. ஒன்று இஸ்ரோ 2019-இல் தொடங்கிய யுவிகா முகாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், கோடை விடுமுறையில் இரண்டு வாரம், இஸ்ரோ மையங்களிலேயே தங்கிப் படிக்கலாம். பயணம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் செலவு. எட்டாம் வகுப்பு மதிப்பெண், இணைய வினாடி வினா, அறிவியல் போட்டிகள் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பவர்களுக்குத் தனியாக 15 சதவீத மதிப்பு உண்டு. நம் கிராமத்து அரசுப் பள்ளிகளில் இது இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது என் ஆதங்கம். ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு வாய்ப்புதான், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது. வருடத் தொடக்கத்திலிருந்தே இஸ்ரோ தளத்தில் ஒரு கண் வைத்திருங்கள்.

மற்றது வானியல் ஒலிம்பியாட். இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பர் வாக்கில் நடத்தும் தகுதித் தேர்வில் தொடங்கி, மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் முகாம் வரைக்கும் போகும். உலகப் போட்டியே 2025-இல் மும்பையில்தான் நடந்தது. தேர்வாகாவிட்டாலும் பழைய கேள்வித்தாள்களை அந்த மையத்தின் தளத்திலிருந்து எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக் கணிதத்தை வைத்துக்கொண்டு ஒரு கோளின் தூரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகள், டியூஷன் சென்டர் வினாக்களைவிட எவ்வளவோ சுவாரசியமானவை. கல்லூரிப் பிள்ளையாக இருந்தால், டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம் நடத்தும் இலவச இணைய வகுப்புகளைப் பாருங்கள், சான்றிதழும் தருகிறார்கள்.

பணம் கேட்கும் முகாம்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பள்ளி வழியாக ஒரு வழுவழுப்பான நோட்டீஸ் வரும். மேலே நாசா என்று பெரிதாக இருக்கும். இரண்டு நாள் வகுப்பு, ஒரு தெர்மாகோல் ராக்கெட், ஒரு சான்றிதழ், ஆயிரக்கணக்கில் கட்டணம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிக் கட்டிய பணத்துக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், நாசா தன் தளத்தில் யாருக்கும் சும்மா கொடுக்கும் பாடங்களின் அச்சுப் பிரதி. குறுங்கோள் தேடும் பயிற்சி என்றும் சிலர் காசு வாங்குகிறார்கள். ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களில் குறுங்கோள் தேடும் சர்வதேசத் திட்டத்தில் பள்ளிக் குழுக்கள் இலவசமாகவே சேரலாம். இடையில் ஒருவருக்கு எதற்குப் பணம்? ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள், அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். அந்த நாட்களை ஒட்டி இஸ்ரோ மையங்களும் அரசு அறிவியல் மையங்களும் கண்காட்சி வைக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையில் ஒரு தொலைபேசி எண் வாங்கி வைத்துக்கொண்டால், அந்த நோட்டீஸ்களை மடித்துத் தூரப் போட்டுவிடலாம்.

கடைசியாக, வரப்போகும் வான நிகழ்வுகளில் எதற்குச் செலவு செய்வது என்ற கேள்வி. 2027 ஆகஸ்ட் 2 முழுச் சூரிய கிரகணம் பற்றி இப்போதே பயண நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. எகிப்தில் லக்சர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல் சூரியன் முழுதாக மறையும், ஆகஸ்டில் அங்கே மேகமும் அபூர்வம். வசதி இருந்தால் போங்கள், முழுக் கிரகணத்துக்கு மாற்று கிடையாது. வசதி இல்லாவிட்டால் கடன் வாங்க வேண்டாம். அதே நாள் மாலையில் நமக்குப் பகுதிக் கிரகணம் உண்டு.

2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம். புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு எல்லோரும் முழித்திருக்கும் அந்த இரவில், பத்து மணியை ஒட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நிலா செம்பு நிறத்தில் நிற்கும். செலவு பூஜ்யம், ஆபத்தும் பூஜ்யம், தொடக்கம் முதல் முடிவு வரை இந்தியாவிலிருந்தே தெரியும். 2029-இல் தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு, ஏப்ரல் 13 அன்று, அப்போஃபிஸ் என்ற குறுங்கோள் பூமிக்கு ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் அருகில் வந்து போகிறது. நம் டிவி செயற்கைக்கோள்கள் இருப்பதே 36,000 கிலோமீட்டர் உயரத்தில்தான். மோதாது, பயப்பட ஒன்றுமில்லை. மிக நெருங்கும்போது அட்லாண்டிக் பக்கம் போயிருக்கும். அதற்கு முன் ஆஸ்திரேலியா, இந்தியப் பெருங்கடல் வழியாக வருவதால் முன்னிரவில் நமக்கும் வாய்ப்பு உண்டு. அன்றைக்கு அந்த 10x50 பைனாகுலர் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் பணத்தையும் விடுமுறையையும் எடுத்து வைக்க வேண்டியது 2031 மே 21-க்குத்தான். சூரியனின் நடுவை நிலா மறைத்து விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும் வளையச் சூரிய கிரகணத்தின் பாதை கேரளத்தில் நுழைந்து, தேனி, மதுரை வழியாக வேதாரண்யம் பக்கம் கடலில் இறங்கி, இலங்கையின் வட முனையைத் தொட்டுப் போகிறது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல்காரர்கள் பார்த்த மாதிரி ஒன்று, இந்தத் தடவை இன்னும் நீளமாக. அக்னி நட்சத்திர வெயிலில், நண்பகல் கழிந்த வேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும்போது வருகிறது. கழுத்து வலிக்காமல் இருக்க ஒரு பாயும், ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்ட கிரகணக் கண்ணாடியும் வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிம், புகையேற்றிய கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. பைனாகுலரின் முன்பக்கம் வடிகட்டி போடாமல் சூரியன் பக்கமே திருப்பக் கூடாது. கிரகணக் கண்ணாடியைக் கடைசி வாரத்தில் தேடினால் போலிதான் கிடைக்கும், ஒரு மாதம் முன்னாலேயே வாங்கி வையுங்கள்.